மரண அறிவித்தலில் ஒரு மருமகன்

ஜெசிதாவின் அப்பாவுக்கு,

தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நகரத்தின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோட்டையையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுப் பொது நூலகத்துக்குப் போனேன். அவள் குறிப்பெடுத்து முடிக்கும்வரை அன்றைய பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ, அப்பாவின்ரை பேர் கிடக்கு" என்றாள்.

நீங்கள் இருக்கும் பாரிஸில் இறந்துபோன ஒரு பெரியவரின் மரண அறிவித்தல் அது. மருமகன் என்ற இடத்தில் உங்கள் முழுப்பெயர், உங்கள் ஊர் குருநகரோடு சேர்த்து. அடுத்த வரியில் பேரப்பிள்ளை றோஸ். உங்கள் அம்மாவின் பெயர்.

பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"அது வேறை ஆள், பிள்ளை."

"குருநகர் எண்டும் போட்டிருக்கெல்லோ?"

"குருநகரிலை ஒரு பிரகாஸ் மட்டுமோ இருக்கிறார்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.

அங்கே வதிவிட விசா கிடைக்கவில்லை, அதனால் ஊருக்கு வரமுடியாது என்று எட்டு வருடமாகச் சொன்னீர்கள். நானும் ஓம் ஓம் என்றேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசி எடுக்கும்போது அவள்தான் கதைப்பாள். வேறை ஆள் என்ற பொய்யை இன்னொரு முறை அவளுக்குச் சொல்ல என்னால் முடியாது. உண்மையை நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினாறு வருடங்களுக்கு முன் உங்களைக் கைப்பிடித்தவள்