சுவரோர வரிசைக்குப் பால் இல்லை

செப். 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்தே மழை. குடைக்கம்பி ஒன்று முறிந்துவிட்டது. வெள்ளவத்தையில் ரயில், கோட்டையில் ட்ராம், கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது பாதி நனைந்தாயிற்று. மறக்கக்கூடாதவை: அக்காவுக்கு நூல்கண்டு, அரிசிக் கூப்பன், செருப்புக்கு வார்.

இன்று பிள்ளைகளை நிறுக்கும் நாள்.

எனக்கே தெளிவாக இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன். தோட்டம் என்று பெயர்தான்; எதிரெதிராக இரண்டு வரிசை ஒற்றையறை வீடுகள். கிணற்றடி வரிசைக் கைக்குழந்தைகளுக்குப் பால்மா, கரைத்துக் கொடுக்கிற பால்தூள். சுவரோர வரிசைக்கு இல்லை. இரு பக்கமும் வாராவாரம் நிறுக்கவேண்டும். பாலால் எவ்வளவு வித்தியாசம் என்று காட்டிவிட்டால் அரசாங்கத்தைக் கொண்டு கொழும்பு முழுதும் கொடுக்க வைக்கலாம் என்பது இதை நடத்துகிற பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சேரின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் பால்மாத் தகரப் பேணியைத் தூக்கிக்கொண்டு சுவரோர வீடுகளைத் தாண்டிப் போகிறவள் நான். சமூக சேவைச் சங்கத்தின் வீட்டுக்கு வீடு போகிற மிஸ்.

ரோசலின், சுவரோரம், மூன்றாம் வீடு. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மகன் பிரான்சிஸுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருக்கிறது. தராசிலோ போன வாரத்தைவிட நிறை கூட! துணி சுற்றியபடிதான் நிறுக்கிறோம். ஊர் பார்க்கப் பிள்ளையை உரிந்து தொங்கவிட்டால் கண்பட்டுவிடும் என்று தாய்மார் ஒரே பிடிவாதம். நானும் சரி என்றுவிட்டேன். துணிக்கென்று கொஞ்சம் கழிக்கிறேன்.

ரோசலின்: “இந்த வாட்டியும் ஏறிருக்குல்ல மிஸ்?” முகத்தில் அப்படியோர் ஆவல். எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

செப். 4, புதன்

வெயில். பல்கலைக்கழகத்துக்குப் போய் சேரைக் கண்டேன். கெட்ட மனுஷன் அல்ல. தானே எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

“அந்தப் பிரான்சிஸுக்கு மட்டும் பால் குடுத்தா என்ன சேர்?”

“ஒரு பிள்ளைக்குக் குடுத்தாலும் முழு ஆராய்ச்சியும் பாழ், மிஸ். அதுவும் நிறை ஏறுற பிள்ளைக்கு?”

“பாக்க ஏறின மாதிரித் தெரியேல்லை.”

“உங்கட கண் இரக்கப்படும். தராசு இரக்கப்படாது.”

இன்னொன்றும் சொன்னார். சுவரோர வரிசை முழுக்கவே நன்றாக ஏறுகிறதாம். இப்படியே போனால் பால் அவசியமில்லை என்றுதான் எழுதவேண்டி வருமாம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கோழை.

அக்கா: “ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்? சாப்பிடன்.” கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

செப். 6, வெள்ளி

எழுத்து கோணல்.

நிறுக்கும் நாள் அல்ல. சும்மா பார்க்கப் போனேன். ரோசலின் என்னை எதிர்பார்க்கவில்லை. பிள்ளை பாயில், உடுப்பில்லாமல். தூக்கினேன். பாரமே இல்லை. பஞ்சு போன தலையணை. விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டியது. உச்சந்தலையில் குழி. அழப் பலமில்லாமல் முனகல்.

“செவ்வாய்க்கிழமை நிறை ஏறினதே, ரோசலின்?”

பாயின் கீழே கைவிட்டு ஒரு முடிச்சை எடுத்தாள். மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள். வாராவாரம் ஒன்று கூடச் சேர்த்துப் பிள்ளையின் துணிக்குள் வைத்திருக்கிறாள்.

“ஏன்?”

“வளர்ற புள்ளைங்களுக்குத்தானே பால் குடுக்கிறீங்க மிஸ். கெணத்தடிப் புள்ளைங்க கொழுகொழுன்னு வளருது, அதுங்களுக்குக் குடுக்கிறீங்க. எம்புள்ள வளரல, அதான் குடுக்கல. கொஞ்சம் ஏறிருச்சின்னாக் குடுப்பீங்கன்னு…”

அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அந்த வரிசைக்கு மட்டும் பால் என்று இத்தனை மாதத்தில் ஒருத்திக்கும் நான் சொன்னதில்லை. சொன்னால் ஆராய்ச்சி கெடும் என்று உத்தரவு. காரணம் தெரியாமல் மனுஷர் இருப்பார்களா? அவர்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

“நீ மட்டுமா?”

வாசலில் கூடி நின்ற அயல் பெண்கள் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குள் நழுவினார்கள். வரிசை முழுக்கவே இப்படித்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரி. டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?” நிறுத்துக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

செப். 7, சனி

பிரான்சிஸ் உயிரோடு. கொடுத்த பால் வாந்தி. இன்றைக்குத் தாண்டினால்தான் நம்பிக்கையாம். கொச்சிக்கடை மாதாகோயிலில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அத்தானுக்குத் தெரிந்தால் முருகனுக்கு என்ன குறை என்று கேட்பார். கேட்கட்டும். எனக்கு இப்போது யாராவது ஒருவர் வேண்டும்.

சேரின் வீட்டுக்கே போய் எல்லாம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“அந்த வரிசை முழுக்கவோ?”

“ஓம் சேர்.”

“குடுங்கோ. ஆராய்ச்சி கிடக்கட்டும். பால்மா எல்லாருக்கும் காணாது. மெலிஞ்சதுகளுக்கு முதல்ல குடுங்கோ.”

அவருக்கும் பயம். அது எனக்கு இன்னும் பயம்.

செப். 8, ஞாயிறு

மாதாகோயில் பூசை முடிந்து எல்லாரும் வீட்டில். ரோசலின் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரோரப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக, துணியில்லாமல் நிறுத்தேன். நிறுக்கப் போகிறேன் என்றதும் பழையபடியே சுற்றிக் கொண்டுவந்த துணிக்குள்ளிருந்து விழுந்தவை: ஈயக்குண்டு, துறைமுகத்து இரும்பு ஆணி, பூட்டு. ஒருத்தி தேவமாதாவின் சின்னச் சிலையையே வைத்துச் சுற்றியிருந்தாள். சிரிப்பு வந்தது, உடனே அழுகையும். நிறை எல்லாமே கீழே. பிரான்சிஸ் அளவுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று.

முற்றத்தில் நின்று இரண்டு வரிசைக்கும் கேட்கச் சொன்னேன்: “இனி மெலிஞ்ச பிள்ளையளுக்குத்தான் பால். ஒருத்தரும் ஒண்டும் ஒளிக்கவேண்டாம்.” மெலிந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு ஆளுக்கொரு பேணி கொடுத்தேன். கிணற்றடியில் தேறின பிள்ளைகளுக்கு இப்போதைக்கு நிறுத்தம்.

மாலையில் ஆஸ்பத்திரி. பிரான்சிஸ் தொண்டை கிழிய அழுகிறான். தாதி, “இனிப் பயமில்லை” என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு பாணும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். எல்லாம் சொல்லிவிட்டேன், இனி ஒரு பிழையும் நடக்காது என்று ஒரு நிம்மதி.

செப். 10, செவ்வாய்

தூறல். நிறுக்கும் நாள். கிணற்றடி வரிசை முதல் வீடு, பிலோமினா. அவள் மகள்தான் தோட்டத்திலேயே கொழுத்த பிள்ளை. என்னைக் கண்டால் கையை ஆட்டும். இன்று தாயின் தோளில் துவண்டு கிடந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், காய்ச்சல் இல்லை.

“என்ன குடுத்தனீங்கள் பிள்ளைக்கு?”

“ஒண்ணும் குடுக்கல மிஸ். ஞாயித்துக்கெழமையிலருந்து வெறும் தண்ணி மட்டும், அதுவும் கொஞ்சம். அது அழுதுச்சு, நானும் கூட அழுதேன். ஆனாக் குடுக்கல.” பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். “தராசில போடுங்க மிஸ். கட்டாயம் எறங்கிருக்கும்.”