ஆறு வினாடி

அன்புள்ள அக்கா,

கிழித்துப் போடாமல் படி, உன் தம்பிதான்.

நான் பைக் பந்தயம் ஓட்டிய காலத்தில், ஒவ்வொரு சுற்றிலும் நீ பந்தயப் பாதையின் சுவரோரம் நின்று பலகையைத் தூக்கிக் காட்டுவாய். பின்னால் வருபவன் எத்தனை வினாடி தள்ளி வருகிறான் என்று அதில் எழுதியிருப்பாய். எந்த வேகத்திலும் உன் கோணல் எழுத்து எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் மூன்று கோப்பை வாங்கினேன். இடுப்பெலும்பு முறிந்து மறுபடி ஏறி உட்கார்ந்ததும் அதை நம்பித்தான்.

கடைசிப் பந்தயத்தில் நல்ல மழை. முதலில் போனது நான். ஒரு வினாடி இடைவெளியை நீ ஆறு என்று எழுதினாய். வேகத்தைக் குறைத்தேன், தோற்றேன். "உயிரோட வந்தியே, அது போதும்டா" என்றாய். அன்று நான் நிறுத்திய பேச்சு. பதினோரு வருடம்.

நேற்று என் மகள் ஓட்டினாள், பலகை என் கையில். அவள் முதலில் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவள் ஒரு வினாடி தூரத்தில்தான் இருந்தாள். என் கை ஆறு என்று எழுதியது.

இரண்டாவதாக வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவள், "பொய் சொல்லிட்டீங்களேப்பா" என்றாள். அதன்பிறகு என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நாளே எனக்குத் தாங்கவில்லை. நீ எப்படி அக்கா தாங்கினாய்?

உன்
மண்டைக்கனம் பிடித்த தம்பி