கன்றுகளுக்கு வைத்த குறி

மாசி (பெப்ரவரி) 3, 2009

பன்னிரண்டாவது கன்றுக்கு இன்று சாக்கை நனைத்துப் போர்த்தினேன். நாலு நாளைக்குச் சீமெந்து காயக் கூடாது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மனைவி கண்ணகை எழுதுகிறாள். சில இடத்தில் பேனையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்த இடத்தை நான் விட்டுவிட வேண்டும்.

கடல் ஊருக்குள் வந்த வருசம் சீமெந்தில் நாய்கள் செய்தேன். நிவாரணம் கொடுத்த கட்டடத்துக்கு எதிரே அவற்றை வரிசையாக இருத்தினேன், வாயில் ஆளுக்கொரு வெறும் தட்டு. பட்டியலில் பேர் வராத சனம் கைகொட்டிச் சிரித்தது. அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

இப்போது கன்றுகள். மாடு கட்டும் ஒரே கட்டையைச் சுற்றிப் பன்னிரண்டு. தாய்ப்பசு ஒன்றும் இல்லை. வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. பேர் போட ஏலாது. எங்கள் பக்கம் பிள்ளைக்குத் தாய்வழிக் குடிதான். ஆகவே தாயின் குடி மாடுகளுக்குச் சுடும் குறியைக் கன்றின் தொடையில் வைத்தேன். இந்தப் பக்கத்துக் குறியெல்லாம் பத்து வயதிலிருந்து எனக்குப் பாடம். தாய்மார் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

முதல் கன்றில் கண்ணகையின் குறி. எங்கள் மகன் ஜெயந்தன். மூன்று வருசத்துக்கு முன் ஆவணியில், ஓட்டமாவடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கியவன்.

பேனை நின்றுவிட்டது.

மாசி 5

வெள்ளை வேன் ஒன்று இரண்டு தரம் போனது. இரண்டாம் தரம் மெதுவாக.

மாசி 9

சீமெந்துக் கடைப் பக்கீர் தானே வந்தார். கன்றுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“சாமித்தம்பி அண்ணே, கழுதை செய்யுங்களன். ஒருத்தனும் இது நான்தான் எண்டு ஒத்துக்கொள்ளமாட்டான். உங்களுக்கும் கரைச்சல் இல்ல, எனக்கும் சீமெந்து போகும்.”

கண்ணகை கூடச் சிரித்தாள். போகும்போதுதான் என் காதுக்குள் சொன்னார்: “ஒபிஸில இருந்து ரெண்டு பேர் கடைக்கி வந்தானுகள். கிழவன் கம்பி எவ்வளவு வாங்கினான் எண்டு கேட்டானுகள்.”

ஒபிஸ் என்றால் போதும், அந்த வெள்ளை வேன் நிற்கும் இடம். எந்த ஒபிஸ் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

மாசி 14

ஒபிஸ்காரர் வந்துவிட்டார்கள். மூன்று பேர். முன்னுக்கு வந்தவன் திவாகரன், அடுத்த ஒழுங்கை இளையதங்கத்தின் மூத்த மகன்.

“அப்பச்சி, இதென்ன கண்டுகள்? தாய் எங்க?”

“மேயப் போயிட்டு தம்பி.”

கூட வந்தவன் சிரித்தான். திவாகரன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கன்றாகச் சுற்றி வந்தவன் கடைசிக் கன்றில் நின்றான். குறியின் மேல் கையை வைத்தான். பிறையும் கீழே இரண்டு கோடும்.

“இது எங்கட அம்மாட குறியெல்லோ.”

ஓம், அவளுடையதுதான். தை மாதம் பின்வேலியால் வந்து தனக்கும் ஒரு கன்று கேட்டாள். அவளுடைய இளைய மகன் நிரோசனைக் காணவில்லை. “தம்பி கட்டாரில எண்டு மூத்தவன் சொல்றான். கட்டாரில இரிக்கிற பிள்ளை தாயோட ஒருக்காக் கதைக்காதா அண்ணே?” என்றாள். இதை நான் அவனிடம் எப்படிச் சொல்ல?

“பிழையா வைச்சிட்டன் தம்பி. வயசு போயிட்டு, குறி மாறிப்போச்சு.”

“நீ குறி மாத்தி வைக்கிற ஆளில்ல.”

என் வேட்டி நனைந்துவிட்டது. அவன் அதைப் பார்த்தான்.

“வெள்ளிக்கிழமை வருவன். ஒண்டும் நிக்கக்கூடா.”

மாசி 16

கண்ணகை நேற்றுப் பேனையைத் தொடவில்லை. இன்று தொட்டாள், சண்டை பிடிப்பதற்கு.

“உடையுங்க. எங்கட பிள்ளை எங்கயாச்சும் உசிரோட இருந்தா, இந்தக் கண்டாலதான் அவனைக் கொல்லுவானுகள்.”

நான் செய்ததே அவன் உயிரோடு இருப்பான் என்றா, இல்லை என்றா? கேட்டால் எனக்கே தெரியாது.

மாசி 19

சம்மட்டியை எடுத்தேன். முதல் அடி எங்கள் கன்றுக்கு. ஊராருடையதில் தொடங்க மனம் வரவில்லை. சீமெந்து உதிர்ந்து கம்பிக்கூடு மட்டும் நின்றது. கண்ணகை குசினிக்குள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பதினொன்று உடைத்தேன். பன்னிரண்டாவது கன்றில் கை எழவில்லை. உடைத்தால் என் தாயின் குறியில் அடித்தாய் என்பான் திவாகரன். விட்டால் சொல்லை மீறினாய் என்பான். துணிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம்தான்.

மாசி 20

தனியாக வந்தான். நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தான். நின்றதைப் பார்த்தான்.

“இதையேன் விட்ட?”

“அம்மாட்டக் கேக்காம எப்பிடித் தம்பி உடைக்கிற?”

சொல்லிவிட்டேன். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும். அவள் வந்ததைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்!

அவன் மணலில் குந்திவிட்டான். பிறகு எழும்பிப் போனான். பின்னேரம் லான்ட்மாஸ்டர் உழவு மெசினோடு மூன்று பேரைக் கொண்டு வந்து கன்றை ஏற்றிக்கொண்டு போனான். எங்கே கொண்டு போனான் என்று எனக்குத் தெரியாது.

பங்குனி 11

இளையதங்கத்தைச் சந்தையில் காணவில்லை. கோயிலிலும் இல்லை. அவள் வீட்டு ஒழுங்கையால் போகப் பயந்து நான் வயல் வட்டை வரம்பால் சுற்றிப் போகிறேன்.

சித்திரை 2

இன்றும் காணவில்லை.

வைகாசி 19

சண்டை முடிந்துவிட்டதாம். சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். இனி விட்டுவிடுவார்களா? பிடித்து வைத்த பிள்ளைகளை எல்லாம்? கண்ணகை கேட்டாள். வெடிச் சத்தத்தில் கேட்காதவன் போல இருந்தேன்.

வைகாசி 27

இளையதங்கம் வந்தாள்! முன்வாசலால். மெலிந்து போயிருந்தாள். அவளைக் கண்டதும் நான் எழும்பிவிட்டேன்.

“என்ன அண்ணே, பேயைக் கண்ட மாதிரி? மூத்தவன் கண்டைக் கொண்டு வந்து இறக்கினான். கட்டார் எண்டு ஒரு சொல்லு அவன்ட வாயில வரல்ல. மாட்டுக் கொட்டிலுக்க வைச்சிட்டு, அதின்ட காலடியில படுத்தான். மூண்டு நாள் சோறும் தின்னல்ல. நானும் கேக்கல்ல. கேக்க என்ன இரிக்கி? அதுக்குப் புறகு எனக்கு வெளியில வர மனமில்ல.”

கண்ணகை அவளைக் கட்டிப் பிடித்தாள். இருவரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அவள் போன பிறகு கண்ணகை கொல்லைப் பக்கம் போய் எங்கள் கன்றின் கம்பிக்கூட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் போட்டாள்.

“வேன் வந்தா?” என்றேன்.

“வரும்” என்றாள். “நீங்க குழையுங்க.”

பக்கீரிடம் அரை மூடை சீமெந்து வாங்கி வந்து குழைத்துக் கூட்டில் அப்பினேன். றோட்டில் ஒவ்வொரு வாகனத்துக்கும் கை நின்றது. கன்றின் முன்னங்கால் ஒன்று கோணிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.