கஞ்சி போட்ட கொலர்

பெப்ரவரி 11, செவ்வாய்

மூன்றாவது கொலரும் முடிந்த மாதிரித்தான். விளிம்புக்கு லேஸ் வைக்க வேண்டியதுதான் மிச்சம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நான் வேலை செய்யும் தையல்கூடத்தில் இப்போது ரியூடர் அரசர் காலத்து இங்கிலாந்து நடக்கிறது. அரண்மனை, சூழ்ச்சி, சூனியம் எல்லாம் உள்ள தொலைக்காட்சித் தொடர். ராணியின் ஆட்கள் இசபெல் என்ற சீமாட்டியைக் கொல்கிறார்கள். கழுத்தைச் சுற்றித் தட்டுப்போல விரிந்து நிற்கும் அவளுடைய மடிப்பு வைத்த வெள்ளைக் கொலரில் மந்திரம் ஓதி நஞ்சேற்றுகிறார்கள். கழுத்தில் கறுப்பு நரம்புகள் படர்ந்து சாகிறாள். பழி, கொலரைத் தோய்த்த சலவைக்காரியின் தலையில். அவளை எரிக்கிறார்கள். இந்த ஒரு சாவுக்கு எனக்கு மூன்று கொலர் வேலை: ஒன்று சுத்தமாக, ஒன்று இரத்தத்தோடு, ஒன்று தேவைப்பட்டால் எடுக்கக் கைகாவலுக்கு.

ஸ்பிரே கஞ்சி மடிப்பைத் தாங்கவில்லை. அரிசிக் கஞ்சி போட்டுப் பார்க்கட்டோ என்று ஸ்டெபனியிடம் கேட்டேன். அவள்தான் தையல்கூடத்துக்குப் பொறுப்பு. இங்கே கனடாவில் பிறந்த பிள்ளை. தகப்பன் மன்னார் ஆள், என்னைப்போல.

"போடுங்கோ அன்ரி, நீங்க செய்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

ஒரே பானைக் கஞ்சியில் மூன்றையும் முக்கினேன். மடிப்பெல்லாம் விறைத்து நிற்கிறது.

பெப்ரவரி 13, வியாழன்

சலவைக்காரியின் உடுப்புக்காக அவள் எரியும் காட்சியைத் திரைக்கதையில் படித்தேன். நாலு பக்கம். அரசன் பேசுகிறான், மந்திரி பேசுகிறான், பாதிரியாரும் பேசுகிறார். அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. எரிக்கக் கொண்டுபோகிறபோது ஒரு பொம்பிளை வாயை மூடிக்கொண்டா நிற்பாள்? நான் எண்டால் அரசனின்ர ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

இசபெல்லாக நடிக்கும் மேகனுக்குக் கழுத்து முழுக்கக் கொப்புளம். சாகிற காட்சியை எடுத்து அரை மணித்தியாலத்தில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதலில் எல்லாரும் சூனியம் என்று பகிடி விட்டார்கள். பிறகு பகிடி நின்றது. கொலருக்கு என்ன போட்டது என்று கேட்டார்கள்.

நான்தான் சொன்னேன், அரிசிக் கஞ்சி என்று. ஒளிக்க என்ன இருக்கிறது?

தயாரிப்பு மேலாளர் ஸ்டெபனியைப் பார்த்தார். தனக்குத் தெரியாது என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

பெப்ரவரி 19, புதன்

ஒரு தாள். அனுமதி இல்லாமல் சொந்தமாகத் தயாரித்த பொருளை உடுப்பில் பயன்படுத்தினேன் என்று எழுதி, கீழே என் பெயருக்குக் கோடு போட்டிருந்தது. கொண்டுவந்தது ஸ்டெபனி.

"ஜஸ்ற் சைன் பண்ணுங்கோ அன்ரி. கேஸ் ஒண்டும் வராது."

"அனுமதி தந்தது ஆர்?"

"ப்ளீஸ். எனக்கு இன்னும் ரெண்டு சீசன் கொன்ராக்ற் இருக்கு. நீங்க எப்பிடியும் ரிரையர் ஆகிற வயசுதானே."

"அம்பத்தாறு, பிள்ளை. எனக்கு இன்னும் ஊசியில நூல் கோக்கக் கண் தெரியுது."

கையெழுத்துப் போடவில்லை. வாசல் கதவு திறக்கும் அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பெப்ரவரி 20, வியாழன்

போடமாட்டன். என்ன செய்தாலும் கையெழுத்துப் போடமாட்டன்.

பெப்ரவரி 21, வெள்ளி

அஜக்ஸ் நகரிலிருந்து மகள் செரீனா கோல் எடுத்தாள். "அம்மா, இற்ஸ் நொட் வேர்த் இற். இதுக்காகச் சண்டை பிடிச்சு என்ன பிரியோசனம்? சைன் பண்ணிட்டு எங்களோட வந்து இருங்கோ."

அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்குள்ளும் ஒரு பயம் இருக்கிறது. பானையில் சவர்க்காரம் ஏதும் ஒட்டியிருந்ததோ? அரிசியில் பூச்சிமருந்து கிடந்ததோ? அந்தப் பிள்ளை கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. என்னால் என்றால் எல்லாருக்கும் முன்னால் ஓம் என்று சொல்லுவேன். ஆனால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது கொலர் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அதே பானை, அதே கஞ்சி.

பெப்ரவரி 22, சனி

காலை ஏழு மணிக்குக் கொலரை எடுத்து என் கழுத்தில் மாட்டினேன்.

எட்டரைக்கு அரித்தது. ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தேன் — ஒன்றும் இல்லை. அரித்தது பயம்தான். தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குக் கிட்ட வருகுதில்லை, கொலர் மறிக்கிறது. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் என்னத்தைக் குடித்துச் சீவித்தார்களோ. நான் ஸ்ரோ வைத்து உறிஞ்சிக் குடித்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்கும் அதோடுதான் போனேன். எனக்குப் பின்னால் இருந்த ஆட்களுக்குப் பீடம் தெரிந்திருக்காது. வாசலில் பாதர் மறித்தார்.

"என்ன றோசலின், நாடகமோ?"

"இல்லை பாதர். வழக்கு."

பெப்ரவரி 24, திங்கள்

மோர்னிங்சைட் பஸ்ஸில் குளிர்க்கோட்டுக்கு மேலே கொலரோடு இருந்தேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒருத்தரும் இருக்கவில்லை. இருக்கவும் முடியாது, அவ்வளவு அகலம்.

வேலைத்தலத்தில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வரவேற்பறைக் கதிரையில் இருந்தேன். வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துப் போனார்கள். பதினொரு மணிக்கு மேலாளர் ஸ்டெபனியையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவர்களுக்கு முன்னால் கொலரைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினேன்.

"மூண்டு நாள் போட்டிருக்கிறன். தொட்டுப் பார்" என்றேன் ஸ்டெபனியிடம். அவள் தொடவில்லை.

"சரி, தொடாத. போடச் சொன்னது ஆர் எண்டு உன்ர வாயால சொல்லு."

அவள் மேலாளரைப் பார்த்தாள்.

ஒருத்தருடைய தோலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார் மேலாளர். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. கொலரை மேசையில் வைத்துவிட்டு, குளிர்க்கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தேன். நடந்ததைத் தொழிலாளர் யூனியனுக்கு எழுதிப் போட்டாயிற்று.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். கோயிலால் வந்து சப்பாத்துக் கழற்ற முந்திப் போன் அடித்தது. பஸ்ரியன் அண்ணை — நடிகர்களை வாகனத்தில் ஏற்றி இறக்குகிறவர்.

"தங்கச்சி, அந்த மேகன் பிள்ளைக்குத் திருப்பியும் கொப்புளம். இண்டைக்குக் கொலரே போடேல்லை. செத்த சீமாட்டி பேயா வாற சீன், வெறும் இரவுச் சட்டை."

"அப்ப கழுத்தில என்ன கிடந்தது?"

"மேக்கப்பில கீறின அந்தக் கறுப்பு நரம்புதான். மேக்கப் ஆக்கள் போன மாசம் புது மை மாத்தினவையாம். இப்ப அதை ரெஸ்ற் பண்ண அனுப்பியிருக்கினம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். சந்தோசமா, ஆத்திரமா? இரண்டும்தான்.

மார்ச் 7, வெள்ளி

மேலாளர் கோல் எடுத்தார். ஒன்றும் நடக்காத குரல். மைதான் காரணம் என்று முடிவு வந்துவிட்டதாம், திங்கட்கிழமை வரலாமாம்.

எழுத்தில் வேண்டும் என்றேன். இரண்டு விசயம்: கொலரில் பிழை இல்லை, கஞ்சி போட எனக்கு அனுமதி இருந்தது.

இரண்டாவதை ஸ்டெபனிதான் சொல்ல வேண்டும் என்றார்.

"அப்ப அவவைக் கேளுங்கோ" என்று போனை வைத்தேன். வைத்தது வைத்ததுதான்.

மார்ச் 10, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. கடிதம் வரவில்லை.

மார்ச் 12, புதன்

கடிதம் வந்தது. இரண்டு விசயமும் இருக்கிறது. இரண்டாவதன் கீழே ஸ்டெபனியின் கையெழுத்து. செரீனாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்ல காலம் நீங்க என்ர சொல் கேக்கேல்லை" என்றாள்.

பின்னேரம் ஸ்டெபனி கோல் எடுத்தாள். "அன்ரி, எனக்குப் பயமாப் போச்சு."

"எனக்கும்தான் பயமா இருந்தது, பிள்ளை."

அதோடு போனை வைத்தேன். மன்னித்தேன் என்று இன்றைக்கு எழுத வராது.

மார்ச் 24, திங்கள்

வேலைக்குத் திரும்பி ஒரு கிழமை. இன்று முன்பு எடுத்த சனக்கூட்டக் காட்சி ஒன்றைத் திருப்பி எடுத்தார்கள், சீமாட்டி உயிரோடு இருக்கிறபோது. புதுக் கொலருக்குக் காலையில் கஞ்சி வடித்துப் போட்டிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை; யாரும் மறிக்கவும் இல்லை.

மேகன் வந்தாள். கழுத்தில் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. மாட்டிவிட ஸ்டெபனி எழும்பினாள். மேகன் அவளுக்குத் தலையாட்டி வேண்டாம் என்றுவிட்டு, என் மேசைக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி இருந்தாள். கூந்தலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். பிறகு கழுத்தைக் குனிந்து தந்தாள்.

பின்பக்கம் ஆறு கொக்கி. மெதுவாகத்தான் பூட்டினேன்.