அத்தானின் வண்டியில் ஒட்டிய பெருவிரல்

என் அன்பான தவம் அத்தான்,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, உங்கள் ஒரே மச்சினனாகிய நான், வலது கைப் பெருவிரலில் ஓர் இராணுவக் கவச வாகனம் ஒட்டிய நிலையில் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எட்டுச் சக்கரம், ஒரு சாண் நீளம், பிளாஸ்டிக். முன்னால் நின்ற ஓர் அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். நோய் விரலில் இல்லை, தலையில் என்று நினைத்திருப்பார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கும் அந்தச் சிரிப்பு. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இதைவிட மோசமான ஒன்று பாக்கி இருக்கிறது.

உங்கள் செத்தவீட்டில், குண்டசாலை வீட்டு ஹோலில், உங்கள் பொம்மைக் கவச வண்டிகள் நிற்கும் கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் ஒரு பொய் சொன்னேன். "இதெல்லாம் நானும் அத்தானும் சேந்து செஞ்சது." உங்கள் நில அளவைக் கந்தோரில் கூட வேலை செய்தவர்கள் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் என் விரல்களைப் பார்த்து, "நுணுக்கமான வேலை" என்று பாராட்டவும் செய்தார். நானும் விரல்களை மறைக்கவில்லை.

உண்மை உங்களுக்குத் தெரியும். இருபது வருஷத்தில் ஒரு துளிப் பசை நான் தொட்டதில்லை. பெட்டியோடு வரும் விளக்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தான், பதினேழாம் நம்பர், இருபத்திரண்டாம் நம்பர்" என்று வாசிப்பேன். நீங்கள் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அந்தத் துண்டை நறுக்கி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுவீர்கள். இடையில் மூன்று தேநீர் குடிப்பேன். ஒருமுறை உதவி செய்யப் போய், காய வைத்திருந்த சக்கரங்களின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அன்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐசே, நீர் கதிரையில இரும். அது போதும். ஆனா எந்தக் கதிரையெண்டு முதல்ல பாரும்."

அக்காவுக்கு அப்போது இந்த விளையாட்டே பிடிக்காது. "அம்பது வயசு மனுசன் பொம்ம வண்டி ஒட்டுறாரு" என்று வெளியில் தெரிந்தால் வெட்கம் என்பதால், பக்கத்து வீட்டாரிடம் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தோர் வரைபடம் கீறுவதாகச் சொல்லி வைத்திருந்தாள். பொய் எங்கள் குடும்பத்தில் இரத்தத்தோடு வருவது. ஒருமுறை வண்டிக்குக் கீழே தரை செய்வதற்காக நீங்கள் தேயிலைச் சக்கையைக் காய வைத்தீர்கள். "குடிச்ச தேத்தண்ணிய ஏன் தட்டுல பரப்பியிருக்கீங்க?" என்று கேட்டாள். "அது தேத்தண்ணி இல்லை சாந்தி, அது மண்" என்றீர்கள். அன்றைக்கு மத்தியானம் சோறு கொஞ்சம் சுணங்கித்தான் வந்தது.

நீங்கள் அக்காவைக் கட்ட வந்த கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் அம்மா வந்து, கண்டி மஹய்யாவவில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, அக்காவை ஏற இறங்கப் பார்த்து, கண்டித் தமிழரெல்லாம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் என்ற நினைப்பில், "பிள்ளை எந்த எஸ்டேட்?" என்று கேட்டார். அக்கா அசரவில்லை. "நாங்க மூணு தலமுறையா டவுன் மாமி. எஸ்டேட்ட பஸ்ல போறப்பதான் பாத்திருக்கேன்." உங்கள் தோள் குலுங்கியது. அந்தக் குலுங்கலைப் பார்த்துத்தான் அக்கா சம்மதித்தாள் என்று எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு.

ஏன் அத்தான், கப்பல் இருக்க, விமானம் இருக்க, இந்த வண்டிகளை மட்டும் செய்தீர்கள்? ஒரு நாள்தான் கேட்டேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். நீங்கள் வீதியைக் காட்டினீர்கள். "இந்த ரோட்டில நேராப் போனா எங்கட வீடு வரும், தெரியுமே?" தெரியும். கண்டியில் தொடங்கும் அந்த வீதி யாழ்ப்பாணத்தில் போய்த்தான் முடிகிறது. "அந்தச் சண்டைக் காலத்தில ஒவ்வொரு செக்பொயின்ரிலயும் ஆமிக்காரர் பஸ்ஸால இறக்கி லைனில விடுவினம். அடையாள அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு, இதுகளுக்குப் பக்கத்திலதான் நிப்பம். நிமிந்து பாக்கக்கூடாது. எனக்கு எட்டுச் சில்லும் கதவின்ர அடியும்தான் தெரியும். மேல என்ன இருக்கெண்டு ஒருக்காலும் காணேல்லை."

அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு வீதியைக் கடந்து பஸ் ஏறப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு நுவரெலியாவுக்கு இடமாற்றம். கடைசி இரண்டு வருஷமும் நான் குண்டசாலைக்கு வந்தது மொத்தம் ஐந்தாறு தடவை. வந்தாலும் ஹோலில் அரை மணி நேரம் இருந்து, போனைப் பார்த்துக்கொண்டு, "குளிரு அத்தான், அந்தப் பக்கம் சொல்லி வேலயில்ல" என்று நுவரெலியாவைப் பற்றியே பேசிவிட்டுப் போனேன். உள்ளறைக்கு, நீங்கள் வண்டி ஒட்டும் அந்த மேசைக்கு, நான் வரவேயில்லை. மேசையில் அப்போது என்ன இருந்தது என்றுகூட நான் கேட்கவில்லை. செத்தவீட்டில் பொய் சொன்னது அதனால்தானோ என்னவோ.

பொய்க்குத் தண்டனை நீங்கள் போய்ப் பத்தாம் மாதம் வந்தது. அக்கா வரச் சொல்லி, ஒரு பெட்டியை என் மடியில் வைத்தாள். உங்கள் கடைசி வண்டி. அடிப்பாகம், அச்சு, எட்டுச் சக்கரங்கள் எல்லாம் ஒட்டி முடிந்திருந்தன. மேல் தகடும் பீரங்கிக் கூண்டும் பாக்கி.

"வருசம் முடியிற ஆட்டத்திவசத்துக்கு யாழ்ப்பாணத்துலேருந்து அவங்க ஆளுங்க வாறாங்க. அதுக்குள்ள முடிச்சு அலுமாரியில வைக்கணும்" என்றாள்.

"நானா?"

"நீதானடா கூட இருந்து செஞ்ச." முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அந்த அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் அத்தான். எந்த மூட்டிலும் பசை வழியவில்லை. இரண்டு துண்டு சேர்ந்த இடத்தை நகத்தால் தடவினாலும் தட்டுப்படவில்லை. உங்கள் கை நேர்த்தி வேறு யாருக்கு வரும்? அதை நான் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் மூன்று வாரம் பெட்டியைத் திறக்கவில்லை.

போயா அன்று திறந்தேன். என் வீட்டுக்காரி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மேல் தகட்டைப் பொருத்தினேன், உட்கார மாட்டேன் என்றது. நீங்கள் பாவிக்கும் மெதுவாகக் காயும் பசைக்கு அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை எப்போது இருந்தது? மேசை லாச்சியில் செருப்பு ஒட்டும் சுப்பர் குளூ கிடந்தது. "அது அவசரக்காரன்ர பசை, ஐசே. என்ர மேசைக்கு வரக்கூடாது" என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்தபோது நேரம் பிந்திவிட்டது. பசை தகட்டுக்குக் கீழே ஓடி, ஓரத்தால் வெளியே வந்து, அழுத்திக்கொண்டிருந்த பெருவிரலோடு உறவு கொண்டாடிவிட்டது. மெதுவாக இழுத்தேன். அடிப்பாகத்தில் எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு கையை அசைக்கவில்லை.

வந்த ஆட்டோக்காரர் ஒரு முஸ்லிம் நானா. என்னை ஏற்றிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார்.

"கையில என்ன ஈக்குது?"

"கவச வண்டி."

"பெட்டரி போட்டா ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப என்னத்துக்கு இவ்வளவு பாடு?"

நெரிசலில் ஆட்டோ நின்றது. மடியில் கையை வைத்துக் குனிந்து பார்த்தேன். உங்கள் வண்டியின் மேல்பக்கம் முழுவதும் தெரிந்தது. ஏறி இறங்கும் மூடிகள், கொக்கிகள், ஆள் எட்டிப் பார்க்கும் சின்னச் சின்னக் கண்ணாடிகள். இருபது வருஷம் நம்பர் வாசித்த நான், மேலிருந்து ஒரு வண்டியை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வரிசையில் பின்னால் நின்றவர் நடுவயதுக்காரர், ஊன்றுகோலோடு. ஒரு காலத்தில் படையில் இருந்தவராம். சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார், கிட்டப் பார்க்கலாமா என்று. என் கையைத் தன் கையில் ஏந்திப் பார்த்தார், என்னவோ கைரேகை பார்ப்பவரைப்போல. "நான் இதற்குள்ளேதான் போவேன்" என்றார். "உள்ளே இருந்தால் ஒன்றும் தெரியாது. எதிரில் இருப்பவனின் முழங்கால் மட்டும்தான்." இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷமே நினைத்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம்.

உள்ளே தாதி மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமானா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஐம்பத்தொரு வயதில் தாத்தாவாக்கப்பட்ட வேதனையோடு தலையாட்டினேன். அவர் ஒரு போத்தலைத் திறந்தார். நகப்பூச்சு அழிக்கும் கியூடெக்ஸ் ரிமூவர் வாசம். நீங்கள் ஒரு நாள் மிஞ்சிய சட்டத்தில் அதில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினீர்களே, பிளாஸ்டிக் பாகுபோல் இளகி வழிந்ததே.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "இது வேண்டாம் மிஸ். வண்டி கரைந்துவிடும்."

"சுடுதண்ணியும் சவர்க்காரமும் என்றால் நேரம் எடுக்கும். தோலும் உரியும். உங்களுக்கு விரல் வேண்டுமா, இது வேண்டுமா?"

"இரண்டும் வேண்டும்" என்றேன். அவர் முகம் கடுத்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது, அவரில் பிழையில்லை. வேறு வழியில்லாமல் அன்றைக்கு முதல் உண்மையைச் சொன்னேன். "எனக்குப் பேரப்பிள்ளை இல்லை. இது என் அக்கா புருஷன் செய்தது. பாதியில் போய்விட்டார். இந்தப் பாதியில் கை வைக்க வேண்டாம்."

மிஸ் போத்தலை மூடினார். ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். முக்கால் மணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன், இடையிடையே அவர் வந்து சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு, ஒரு தட்டையான குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் தள்ளிவிட்டுப் போனார். கடைசியில் விரல் வந்தது. தோல் வரவில்லை. அது மேல் தகட்டிலேயே தங்கிவிட்டது.

அதற்குமேல் வர்ணம் பூசியும் பார்த்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் என் பெருவிரல் ரேகை தெரிகிறது. 'டிக்' என்ற இடத்தில் மயிரிழையளவு கீறல், அடியில்தான், யாருக்கும் தெரியாது. இதில் ஒரு பக்கக் கதை: எங்கள் கந்தோரில் கைரேகை வைத்துத்தான் வரவு பதிவது. மெஷின் என்னை ஏற்கவில்லை. ஒன்பது நாள் நான் கதிரையில் இருந்தபடியே வராதவனாக இருந்தேன். தலைமை லிகிதர் காரணத்தை எழுதித் தரச் சொன்னார். "விரல் தற்காலிகமாக வேறொரு வாகனத்தில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடதாசி இப்போது கந்தோர் முழுக்கச் சுற்றுகிறதாம்.

ஆட்டத்திவசத்துக்கு உங்கள் ஆட்கள் வந்தார்கள். வண்டி அலுமாரியில் நடுத்தட்டில் நின்றது. உங்கள் தம்பியார் குனிந்து பார்த்துவிட்டு, "ஆர் முடிச்சது?" என்று கேட்டார். பழைய பொய் நாக்கு நுனி வரை வந்தது. "அத்தான்தான் செஞ்சாரு. நான் மேல்தகட்டயும் கூண்டயும் மட்டும் ஒட்டினேன், அதுவும் ஒழுங்கா ஒட்டல" என்றேன். அக்கா பாயசக் கோப்பையோடு நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் இரண்டாவது கோப்பை வந்தது.

அலுமாரியின் கீழ்த்தட்டில் பிரிக்காத பெட்டிகள் இன்னும் மூன்று இருக்கின்றன, அத்தான். மறுபடியும் கண்டிக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் குண்டசாலை பஸ் ஏறுவேன், ஹோலில் நிற்காமல் நேரே உள்ளறைக்கு வருவேன். அந்த மூன்றையும் மெதுவாகக் காயும் பசையிலேயே முடிப்பேன். சுப்பர் குளூவை இனிச் செருப்புக்கும் பாவிக்க மாட்டேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் ஒரே மச்சினன்,
சாந்தியின் தம்பி,
ரவி

பின்குறிப்பு: பத்திரிகைக்குக் கொடுக்குமுன் இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் கை நேர்த்தியைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "கடைசி ரெண்டு வருசமும் அவருக்குக் கை நடுக்கம். அந்த வண்டியில அவரு நம்பர் மட்டுந்தான் வாசிச்சாரு. அடிப்பாகமும் எட்டுச் சக்கரமும் ஒட்டினது நான்."