நிழல் பக்கத்துப் பலகைகள்

செப்டம்பர் 29, திங்கள்
கிள்ளான் பட்டறையில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வெளியே போடும் மரத் தளங்களுக்கும் தோட்டத்து பெஞ்சுகளுக்கும் எண்ணெய்ப் பூச்சு போடும் நிறுவனம். இன்று முதலாளி யுகேந்திரன் சொல்லிவிட்டார்: "நவம்பர்ல ஒருத்தரைத்தான் நிரந்தரமாக்க முடியும்."

இருப்பது இரண்டு பேர். நானும் அஃப்ரினும். ஒரே நாளில் சேர்ந்தோம். "கவலைப்படாதே லா ஃபஹீமா" என்றாள். அவள் கவலைப்பட என்ன இருக்கிறது? அவள் அப்பா வழக்கறிஞர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அத்தா உணவகத்தில் ரொட்டி வீசிக்கொண்டே, சாப்பிட வருகிறவர்களிடம் எல்லாம் "மக ஆபீஸ்ல" என்கிறார்.

அக்டோபர் 3, வெள்ளி
பிரிக்பீல்ட்ஸ் வாடிக்கையாளர் இராஜம்மா ஆன்டியிடம் இன்று அஃப்ரின் பேசியது முழுவதும் நேற்று மதியம் நான் அவளுக்குச் சொன்னது. வார்னிஷ் மரத்தின் மேல் தோல் மாதிரி நிற்கும், வெயிலில் உரியும். எண்ணெய் உள்ளே இறங்கும், மங்கினால் மறுபடி தடவிக்கொள்ளலாம். "முகத்துக்கு கிரீம் போடற மாதிரி ஆன்டி!" அந்த கிரீம் உவமைகூட என்னுடையது.

ஆன்டி கைதட்டாத குறை. நான் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 4
அவள் கையெழுத்துகூட அழகு.

அக்டோபர் 14, செவ்வாய்
ஆன்டி வீட்டுத் தளத்தில் முன்பு யாரோ வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். இரண்டு நாளாக நம் ஆட்கள் தேய்த்து எடுத்தார்கள். அது போய்விட்டதா என்று பார்ப்பது என் வேலை. தண்ணீர் சொட்டு வைக்க வேண்டும். இறங்கினால் மரம் எண்ணெயைக் குடிக்கும். நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும்.

வெயில் பக்கம் இறங்கியது. சுவரோரம், நிழல் பக்கம் — பத்து நிமிடம் கழித்தும் அப்படியே நின்றது.

"தீபாவளிக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்றார் ஆன்டி.

"கன்ஃபர்ம் ஆன்டி!" அஃப்ரின் வாசலிலிருந்தே கத்தினாள். "ஃபஹீமா, எல்லாம் ஓகேவா?"

தலையாட்டினேன். சொட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டேன்.

அக்டோபர் 15
வெட்கத்தால் பேசவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். காரணம் வெட்கமில்லை.

அக்டோபர் 17, வெள்ளி
இரண்டு பூச்சும் முடிந்தது. தளம் அழகாக இருக்கிறது. முதலாளி வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு "அஃப்ரின் வேலை சூப்பர்" என்று எழுதியிருக்கிறார். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ? அப்படி நினைத்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. சீ.

அக்டோபர் 21, செவ்வாய்
நேற்று தீபாவளி. ஆன்டி காலையில் சுவரோரம் கலர் அரிசிக் கோலம் போட்டிருக்கிறார். எண்ணெய் இறங்காமல் மேலேயே பிசினாக நின்றிருக்கிறது. அரிசி ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் கால்களும்தான்.

"மாப்பிள்ளை காலுறையோட நடந்தாரு. காலு வந்துச்சு, காலுறை வரல!" இன்று காலை போனில் ஆன்டி கத்தியது பட்டறை முழுக்கக் கேட்டது.

பத்து மணியிலிருந்து மாலை வரை ஆன்டி வீட்டில் நானும் அஃப்ரினும் முட்டி போட்டுச் சுரண்டினோம். பச்சை அரிசி, ரோஸ் அரிசி. அவள் முட்டி போடுவதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டேன்? பக்கத்தில் நானும் முட்டி போட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

முதலாளி வந்து கேட்டார். "தண்ணி வச்சுப் பார்த்தது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "என் தப்பு பாஸ். நான்தான் அவளை அவசரப்படுத்தினேன். பதில் சொல்ல டைமே குடுக்கல."

அழகு, பேச்சு, கையெழுத்து. நல்லவளாகவும் அவளேதான் இருக்க வேண்டுமா? அதையாவது எனக்கு விடக் கூடாதா?

அக்டோபர் 22
முதலாளி மேசையில் ஒரு தாளை வைத்தேன். வாயால் சொல்ல வரவில்லை. 'நிழல் பக்கம் தண்ணீர் இறங்கவில்லை. பார்த்தேன். தெரிந்தே சொல்லவில்லை. ஃபஹீமா.'

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு அஃப்ரினைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 3, திங்கள்
அஃப்ரின் நிரந்தரம். எனக்கு இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம். அத்தாவிடம் சொன்னேன். "ஏன்மா?" என்றார். அதையும் சொன்னேன். கல்லில் இருந்த ரொட்டி கருகியது.

அஃப்ரின் என்னிடம் பேசுவதில்லை.

நவம்பர் 18, செவ்வாய்
தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு வீடு. வெள்ளிக்கிழமை விசேஷமாம், இன்றே பூச வேண்டும் என்று வீட்டுக்கார அங்கிள் நின்றார். படிக்கட்டுப் பக்கம் சொட்டு நின்றது.

"இன்னிக்கு முடியாது அங்கிள்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "தண்ணி நிக்குது. தேய்க்கணும்."

"நீ யாரும்மா சொல்றதுக்கு? அந்தப் பொண்ணைக் கூப்பிடு!"

அஃப்ரின் வந்தாள். குந்தி உட்கார்ந்து சொட்டையே பார்த்தாள். தொடவில்லை. வெகு நேரம் பார்த்தாள்.

"அவ சொன்னா சரி அங்கிள். எங்க பட்டறையில தண்ணி பார்க்கிறது அவதான்."

நான்கு வாரத்தில் அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை. என்னிடம் இல்லை, என்னைப் பற்றி. எழுந்து லோரிக்குப் போய் மணல்தாள் இரண்டு எடுத்து வந்து, ஒன்றை என் பக்கம் வைத்தாள்.

நான் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். இன்றும் பொறாமையாகத்தான் இருந்தது.