வீதியைப் பார்த்து நிற்கும் வண்டி

உப்பளம், புதுச்சேரி
1936 ஆகஸ்டு 9, ஞாயிறு

அன்புள்ள பிரான்சுவாவுக்கு,

நீ கேட்காமலே எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷமாகியும் உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் துணிவு வரவில்லை. எங்கள் கலியாணத்துக்கு முந்தின வாரம் நீ ஏன் கப்பலேறினாய் என்று எனக்குத் தெரியும். விலாசத்தை உன் அத்தை அந்தோணிமேரியிடம் கெஞ்சி வாங்கினேன். உன்னைவிட ஐந்தே வயது மூத்தவள், ‘நீ’ என்று எழுதக் கை கூசுகிறது, ‘நீங்கள்’ என்றால் அந்நியமாக இருக்கிறது. சர்வேசுரன் கிருபையால் இங்கே சுகம், சைகோனில் நீயும் சுகமாயிருக்கச் செபமாலையில் தினமும் உனக்கென்று ஒரு மணி உருட்டுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. கிணற்றடி முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது.

எழுத வந்தது நீ விட்டுப்போன நீலப் பந்தயக் காரைப் பற்றி. போன மாதம் அப்பா அதை விற்கப்போவதாகச் சொன்னார். “ரெண்டு வருஷமா ஒரு கடுதாசி போடாதவனுக்கு வண்டி என்னாத்துக்கு” என்றார். கூடலூரிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெடித்திருந்த ரப்பர் குழாயை மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பிக் கிளப்பினால் கால் மணியில் பொங்கியது. ஆறவைத்து ஊற்றினார், மறுபடி பொங்கியது. இருபது வருஷம் ஆலை எந்திரங்களோடு பழகினவருக்கு இது பெரிய அவமானம், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்துத் தகரப் பட்டறை கரீம் பாய் எட்டிப் பார்த்து, “அண்ணே, வண்டிக்கு வயித்துல காத்து. ஓமத்தண்ணி குடு” என்றார். “நீ போயி உன் தகரத்தத் தட்டுய்யா” என்று அப்பா விரட்டினார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கினவள் நான் என்றாலும் எந்திரம் எனக்குத் தெரியாது, நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். எஞ்சின் கொதிக்கும்போதும் ரேடியேட்டரின் அடிப்பக்கம் சில்லென்றே இருந்தது. கதவுப் பையில் நீ வைத்துப்போன பிரெஞ்சுக் கையேட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன். தண்ணீர் ஊற்றும்போது முன்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினுக்குள் காற்று தங்கித் தண்ணீரைச் சுற்றவிடாது என்று இருந்தது. கரீம் பாய் சொன்னதுதான் சரி. ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: ‘மூக்கு கொட்டகைக்குள்ளே.’ நம் கொட்டகைத் தரை வீதிப் பக்கம் சரிவு, அதனால்தான் நீ எப்போதும் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தியிருக்கிறாய். நீ கப்பலேறின மறுநாளே அப்பா அதைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “வந்தா அப்பிடியே எடுத்துக்கினு போவான்ல” என்றார்.

முன் சக்கரங்களுக்கடியில் பலகை கொடுத்து உயர்த்தினோம். எஞ்சின் தலையிலுள்ள சின்னத் திருகை அவர் தளர்த்த, நான் சொம்பால் மெதுவாக ஊற்றினேன். புஸ்ஸென்று காற்று வந்தது, பிறகு கொப்புளித்துக்கொண்டு தண்ணீர், பிறகு ஒரு குமிழிகூட இல்லாத ஒழுக்கு. திருகை மூடிவிட்டு அப்பா வாய்விட்டுச் சிரித்தார், அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அரியாங்குப்பம் வரை போய் வந்தோம், கொதிக்கவில்லை.

கூடலூர்க்காரர் போன ஞாயிறு வந்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, “கொதிக்குதுங்க, உங்களுக்கு ஆவாது” என்றார். “ஓமத்தண்ணி கேக்கலியா அண்ணே” என்று சுவருக்கு அப்பாலிருந்து கரீம் பாயின் குரல். ஆனால் வந்தவர் விடுவதாக இல்லை, நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்ததும் மெக்கானிக்கோடு வருகிறாராம். இன்னொரு தடவை பொய் சொல்ல அப்பாவுக்கு வராது. விற்றுவிடுவார், அப்புறம் உன் பேரையே எடுக்கமாட்டார் என்று பயமாயிருக்கிறது. வண்டி இப்போதும் வீதியைப் பார்த்துத்தான் நிற்கிறது, பலகையின் மேல்.

அங்கே மழைக்காலமாமே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஈரத் தலையோடு படுக்காதே. தேவமாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் மனைவி
சூசைமேரி

கேட்க வந்ததைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். எனக்குப் பதில் வேண்டாம். வண்டி கொதித்ததையும் பிறகு சரியானதையும் அத்தை எழுதினதாகச் சொல்லிக்கொண்டு அப்பாவுக்கு ஒரு வரி போடு. மன்னிப்பு, சமாதானம் ஒன்றும் வேண்டாம். காற்றை எப்படி எடுத்தீர்கள் என்று மட்டும் கேள்.